வேருக்குக் காற்று வேண்டும்: குமரி மாவட்டத்தில் மடகாஸ்கர் ஆர்க்கிட் வளர்ப்பது எப்படி?

பகலில் இந்தப் பூவின் அருகே மூக்கைக் கொண்டுபோனாலும் பெரிதாய் ஒன்றும் தெரியாது. விளக்கு வைத்து ஒரு மணி நேரம் கழித்து வாசலுக்கு வாருங்கள். தோவாளையில் பிச்சிப்பூ குவித்திருக்கும் கடையைக் கடக்கும்போது ஒரு மணம் வந்து ஆளை நிறுத்துமே, அதுபோல நிற்க வைத்துவிடும்.

செடியின் பெயர் ஆங்க்ரேகம் செஸ்க்விபெடாலே. ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கர் தீவின் கிழக்குக் கரையோரக் காடுகளில் மரங்களைப் பற்றி வளர்வது. மரத்தின் சாற்றை உறிஞ்சாது, பிடித்துக்கொள்ள மட்டுமே மரம். வெள்ளை நட்சத்திரம் போன்ற பூவின் பின்னால் சுமார் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழல் தொங்கும். தேன் அதன் அடியில்தான் இருக்கும். 1862-இல் இதைப் பார்த்த சார்லஸ் டார்வின், அவ்வளவு நீள உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தாக வேண்டும் என்று எழுதினார். அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து, 1903-இல், அந்தப் பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. வெண்மையும் இரவு மணமும் அந்த விருந்தாளிக்காகத்தான்.

வெப்பமும் ஈரக்காற்றும் நிறைந்த கரையோரச் செடி என்பதால் நம் மாவட்டம் இதற்குப் பொருந்தும். ஈரம் மிகுந்த குலசேகரம், திற்பரப்பு பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது.

செடி வாங்கும்போது

நர்சரியில் வளர்த்த செடியையே கேட்டு வாங்குங்கள். சிறு கன்று பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். பொறுமை குறைவு என்றால் இலைகள் ஓரடிக்கு மேல் விரிந்த செடியாகப் பாருங்கள். இலையைவிட வேரை உற்றுப் பாருங்கள். விரல் பட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். அமுக்கினால் உள்ளே காலியாகத் தெரிந்தால் வேண்டாம்.

நடுதல்

என் முதல் செடியைத் தென்னைநார்த் தூளில் நட்டேன். ஆடி மாதம் முடிவதற்குள் வேர்கள் பழுப்பாகிக் கூழாகிவிட்டன. நீர் மிகுந்ததைவிட, காற்று புகாததுதான் கொன்றது. நம் ஊரில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கின்றன. தூள் காயவே நேரம் கிடைக்காது.

இப்போது நான் செய்வது இதுதான். பக்கங்களில் ஓட்டையுள்ள மண்சட்டி அல்லது மரச்சட்டக் கூடை. அதில் கட்டைவிரல் அளவு மரக்கரி இரண்டு பங்கு, ஓட்டுச் சில்லு ஒரு பங்கு, தேங்காய் மட்டையை நறுக்கிய துண்டுகள் ஒரு பங்கு. மட்டைத் துண்டுகளை மூன்று நாள் தண்ணீரில் போட்டு, தினமும் நீர் மாற்றி, கறை போனபின் சேருங்கள். மண் ஒரு பிடிகூட வேண்டாம். செடியின் அடித்தண்டு புதையாமல் மேலே நிற்கட்டும். ஆடினால் சணல் கயிற்றால் ஒரு குச்சியோடு கட்டுங்கள்.

நட்டபின் கை வைக்காதீர்கள். வேரைக் கலைத்தால் இந்தச் செடி ஓரிரு ஆண்டுகள் முகம் திருப்பிக்கொள்ளும். வேர் சட்டிக்கு வெளியே நீண்டால் நீளட்டும்.

வெயில்

காலை வெயில் படும் கிழக்கு முற்றமோ, 50 சதவீத நிழல்வலையோ போதும். இலை கரும்பச்சையானால் வெளிச்சம் குறைவு, மஞ்சளித்தால் அதிகம்.

தண்ணீர்

வேரே சொல்லிவிடும். காய்ந்த வேர் சாம்பல்வெள்ளையாக இருக்கும். நீர் ஊற்றியதும் உங்கள் கண்முன்னே அந்தச் சாம்பல் மங்கி, உள்ளிருக்கும் பச்சை எழும்பும். மறுபடி சாம்பலாக மாறும்வரை அடுத்த தண்ணீர் வேண்டாம். கோடையில் தினமும் காலையில் ஊற்ற வேண்டியிருக்கும். அடைமழை நாட்களில் ஓட்டுச் சாய்ப்பின் கீழே நகர்த்திவிடுங்கள். நீரைச் சேமித்து வைக்கும் தண்டுக்கிழங்கு இதற்குக் கிடையாது. ஆகவே வாரக்கணக்கில் காயவிடவும் கூடாது.

கடலோர ஊர்களில் கிணற்று நீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வையுங்கள். உப்பு வேர்நுனியைக் கருக்கிவிடும். இலைகள் சேரும் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் உடனே பஞ்சால் ஒற்றி எடுங்கள். புதுக்குருத்து அங்கிருந்து மட்டுமே வரும். அது அழுகினால் செடியைக் காப்பாற்றுவது கடினம்.

உரமும் பூச்சியும்

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமான வேரில். நத்தைகள் இரவில் வந்து வேர்நுனியைத் தின்னும். டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள். மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைத்தால் போகும்.

மொட்டு வந்தபின்

நம் அரைக்கோளத்தில் பொதுவாகக் குளிர்மாதங்களில் பூக்கும். மொட்டு முற்றப் பல வாரங்கள் ஆகும், கவலை வேண்டாம். இந்தச் சமயத்தில் சட்டியைத் திருப்பினால் பூக்கள் திசைமாறி முறுக்கிக்கொள்ளும். விரியும்போது பூ பச்சை சாயலில் இருக்கும், சில நாட்களில் மெழுகு வெள்ளையாகும். மணத்தை அதன்பின் தேடுங்கள். பூ வாரக்கணக்கில் நிற்கும். காம்பு முழுதும் காய்ந்தபிறகு, தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால் அடியோடு நறுக்குங்கள்.