மசாஜா, கைரோபிராக்டிக்கா? சத்தத்தை நம்பிப் போகாதீர்கள்

இடுப்பு பிடித்துக்கொண்டது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று பிசியோதெரபிக்கு என்னிடம் வருபவர்களில் பலர், அதற்கு முன்பே மசாஜுக்கோ, முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சட்டென்று அழுத்தியும் திருப்பியும் செய்யும் கைரோபிராக்டிக்குக்கோ போய்விட்டுத்தான் வருகிறார்கள். போனது தப்பில்லை. எந்த வலிக்கு எங்கே போனார்கள் என்பதில்தான் திரும்பத் திரும்ப அதே சறுக்கல். குனிந்து போன் பார்க்காதே, நேராக உட்கார் என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

சத்தம் கேட்டால் சரியாகிவிட்டது என்று நம்புவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதில்தான். ரீல்ஸில் ஒருவர் கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருப்புகிறார், 'மடக்' என்று கேட்கிறது, படுத்திருப்பவர் சிரிக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் எலும்பு விலகியிருக்கு, தட்டிச் சேர்த்துவிடுங்க" என்று வந்து நிற்கிறார்கள். எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதேதான். சத்தமே இல்லாமல் வலி குறைவதும் உண்டு, பலமாகக் கேட்டும் ஒன்றும் குறையாததும் உண்டு.

ஒரு டிரைவர் வந்தார். கழுத்து வலி, கூடவே கை மரத்துப்போகிறது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பிவிடுவார்களே, அதில் கிடைத்த சுகத்தில் ஆரம்பித்து, அப்புறம் ஒரு சென்டருக்குப் போய் மாதக்கணக்கில் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அங்கே யாரும் அவர் கையின் பலத்தைச் சோதிக்கவில்லை. நான் சட்டையைக் கழற்றச் சொன்னபோது பட்டனை அவிழ்க்க விரல் தடுமாறியது, நடையிலும் தள்ளாட்டம். அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பினேன், எம்.ஆர்.ஐ.யில் கழுத்துப் பகுதியில் தண்டுவடமே நசுங்கியிருந்தது. திருப்பியதால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கழுத்தைத் திருப்பியிருக்கவே கூடாது, போன மாதங்களும் திரும்பி வரப்போவதில்லை.

இன்னொன்று, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் இரண்டு, கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அந்தத் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான், வந்தால் வாழ்க்கையே மாறிவிடும். திருப்பிய பிறகு இதுவரை இல்லாத தலைவலி, தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் படுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டில் ஒன்றுதான் சரி என்று சண்டை போடுவது

புதிதாக வந்த சாதாரண இடுப்பு வலிக்கு அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் 2017 வழிகாட்டுதல் சூட்டு ஒத்தடம், மசாஜ், முதுகெலும்பைக் கையாளும் சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே வரிசையில்தான் வைக்கிறது. பெரும்பாலோருக்கு நாளாக நாளாகத் தானாகவே குறையும். தோள்பட்டை இறுகிக் கல் மாதிரி இருந்தால் நான் மசாஜைத்தான் முதலில் சொல்வேன். மாதக்கணக்கில் நீடிக்கும் வலி என்றால் உடற்பயிற்சி இல்லாமல் இரண்டுமே தற்காலிகம்.

படிப்பைக் கேட்காமல் படுப்பது

கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவில் பிறந்தது; அங்கே வருடக்கணக்கில் படித்து, உரிமம் வாங்கித்தான் தொழில் செய்ய முடியும். இங்கே குறுகிய பயிற்சி முடித்தவரும் போர்டு மாட்டிவிடுகிறார். எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

முழுப் பேக்கேஜுக்கு முன்பணம்

வேண்டாம்.

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாக வலித்தால்

எண்ணெய் போட்டு நீவாதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும்.

இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ

மசாஜும் இல்லை, கைரோவும் இல்லை, நானும் இல்லை. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி.