பிள்ளையின் பழைய துணியை விற்கப் போகிறீர்களா? முதலில் அத்தையைக் கேளுங்கள்

என் சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்த வாரம், அலமாரி மேலிருந்த மூன்று பெட்டிகளை இறக்கினேன். பெரியவள் போட்டது, சின்னவன் போட்டது, வந்தவர்கள் கொடுத்து ஒருமுறைகூடப் போடாதது என்று 112 உருப்படி இருந்தது. ஒன்று ஐந்து வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்டைத்தான் நாங்கள் வெள்ளி என்போம்) போனாலும் 560 வெள்ளி வருமே என்று மனக்கணக்குப் போட்டேன். நான்கு மாதம் கழித்துக் கைக்கு வந்தது 143 வெள்ளி. நான் தையல் கடையில் வேலை செய்கிறவள். துணி தெரியும், தையல் தெரியும், வாடிக்கையாளர் பேரம் பேசுவதும் தெரியும். அப்படியும் இந்த நிலைமை. நீங்கள் இறங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. கூடத்தில் துணியைப் பரப்பி வைத்திருந்தபோது மாமியார் வந்து நின்றார். “எல்லாத்தையும் வித்துட்டா அடுத்தது எப்படிம்மா தங்கும்?” என்றார். எங்களுக்கு அடுத்தது வேண்டாம் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நீங்களே பார்த்து எடுங்க அத்தை” என்றேன். பன்னிரண்டு உருப்படியை எடுத்துத் தன் இரும்பு பீரோவில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நம்மவர்களிடம் விற்பது ஏன் கஷ்டம் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணிதானே போடுகிறோம்? பதினாறோ முப்பதோ கழிந்த பிறகுதான் பல வீடுகளில் புதுத்துணி. அந்தப் பழைய துணியும் நோய்நொடி இல்லாமல் வளர்ந்த, தெரிந்த வீட்டுப் பிள்ளையின் துணியாக இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவார்கள், நாமும் கொடுப்போம். அதற்கு விலை சொன்னால் முகம் மாறிவிடும். தெரியாதவர் வீட்டுத் துணி என்றால் திருஷ்டி, தோஷம் என்று தொடவே மாட்டார்கள். என் அத்தை மகள் இரண்டு பை நிறைய இலவசமாக வாங்கிப் போனாள். அதே துணிக்கு ஒரு வெள்ளி கேட்டிருந்தால் தீபாவளிக்குக்கூட வீட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டாள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு பட்டுப் பாவாடை சட்டை, குட்டி வேட்டி ஜிப்பா. புதிதாக வாங்கினால் விலை அதிகம், பிள்ளை ஒரே நாள்தான் போடும். எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். பாவாடை 25 வெள்ளி, வேட்டி ஜிப்பா 20 வெள்ளி. இரண்டு நாளில் இரண்டும் போய்விட்டன. தீபாவளி முடிந்த மறுநாள் போட்டால் யாரும் சீண்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டு மலாய் அக்கா கொடுத்த குட்டி பாஜு மெலாயுவை (மலாய்க்காரர் பெருநாள் உடுப்பு) நோன்பு மாதம் வரைக்கும் வைத்திருந்து 18 வெள்ளிக்கு விற்றேன்.

சரி, துணியைப் பிரிக்கும் வேலைக்கு வருவோம். கையில் எடுத்ததும் முதலில் கழுத்தைப் பாருங்கள். வெள்ளை ஜிப்பா ஒன்றைத் துவைத்து, காயவைத்து, மடித்துத்தான் வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது கழுத்தடியில் வரைபடம் மாதிரி மஞ்சள். பால் கறை அப்படித்தான். துவைத்த அன்று கண்ணுக்குத் தெரியாது. நூலுக்குள் தங்கிய கொழுப்பும் புரதமும் நம்மூர் வெக்கையில் மாதக்கணக்காகக் கிடந்து மஞ்சளாகும். குளோரின் பிளீச் ஊற்றாதீர்கள். புரதக் கறை இன்னும் மஞ்சளாகலாம், எலாஸ்டிக்கும் கெட்டுப்போகும். குளோரின் இல்லாத ஆக்சிஜன் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் அலசி, ஈரத்தோடு வெயிலில் விரித்துவிடுங்கள். இங்கே மத்தியானம் மழை வந்துவிடும், எட்டு மணிக்கே கொடியில் ஏற்றிவிட வேண்டும். பத்துக்கு ஏழு கறை போய்விடும். போகாததோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அப்புறம் எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுப் பாருங்கள். திரும்பி வராவிட்டால் தள்ளி வையுங்கள். தொடை நடுவில் இருக்கும் பிரஸ் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்து பாருங்கள். ஒன்று பூட்டவில்லை என்றால் மொத்தச் சட்டையும் போச்சு, வாங்குகிறவர் முதலில் அதைத்தான் தொடுவார். ஆடுகிற பட்டனை மாற்றித் தையுங்கள், பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். கழுத்தில் கயிறு இருந்தால் உருவிவிடுங்கள்.

அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணி என்றால் கொஞ்சம் கவனம். நம் நாட்டில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு பார்க்கிறார்கள் அல்லவா? அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் ஆகாது. சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடலாம். இன்னொருவர் பிள்ளைக்கு அந்தக் குறைபாடு உண்டா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? அந்துருண்டை வாடை அடிப்பதை நான் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இப்படியெல்லாம் கழித்ததில் 31 உருப்படி போனது.

விலை வைக்கும்போது மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் புதுச் சட்டையே பத்து வெள்ளிக்கு மூன்று கிடைக்கிறது. பழசுக்கு இரண்டு வெள்ளிக்கு மேல் யார் கொடுப்பார்? ஒற்றையாக விற்றால் ஒவ்வொரு உருப்படிக்கும் “போலே கூராங்?” (குறைக்க முடியுமா?) என்று பத்து மெசேஜ் வரும். ஒரே அளவில் பத்து உருப்படியைக் கட்டி 15 வெள்ளி என்று போட்டேன், நான்கு கட்டு போனது. கட்டுக்குள் இரண்டு நல்ல பிராண்ட் துணியை மேலே தெரிகிற மாதிரி வையுங்கள். வெக்கைக்கு ஒத்துவராத கெட்டித் துணி, முழுக்கை, குல்லா வைத்தது எல்லாம் இங்கே ஓடாது. வெளிநாட்டில் இருந்து வந்த அண்ணி கொடுத்த கம்பளிச் சட்டை அழகுதான், நம்மூர் வெக்கையில் அதை யார் போடுவது?

விளம்பரத்தை மலாயில் எழுதுங்கள், வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் மலாய்க்காரப் பெண்கள். ‘தெர்பாக்காய்’ (பயன்படுத்தியது) என்று எழுதினால் ஏனோ விலை இறங்குகிறது, ஆங்கிலத்தில் ‘பிரிலவ்ட்’ (ஆசையாக வைத்திருந்தது) என்றால் கொஞ்சம் மரியாதை. ஊர்ப் பெயரை இரண்டு விதமாகவும் போடுங்கள். எங்கள் ஊரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். எங்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். யுனிசெல் பல்கலைக்கழகத்தில் வேலைக்கு வந்தவர்கள் புதுப் பெயரைத் தேடுவார்கள், தோட்டத்து ஆட்கள் பழைய பெயரைத் தேடுவார்கள். ‘மூன்று முதல் ஆறு மாதம்’ என்கிற அட்டையை நம்பி யாரும் வாங்குவதில்லை, கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். அக்குளிலிருந்து அக்குள் வரை, தோளிலிருந்து தொடை நடு வரை டேப் வைத்து அளந்து சென்டிமீட்டரில் எழுதுங்கள். நான் அப்படி எழுத ஆரம்பித்த பிறகு பாதிக் கேள்வி குறைந்தது.

மாதக் கடைசியில் போடாதீர்கள். முந்தின மாதச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் வந்தாக வேண்டும் என்பது சட்டம். தோட்டத்துப் பக்கம் எட்டாம் தேதியிலிருந்து பதினைந்து வரைதான் கையில் காசு புழங்கும்.

ஆளைச் சந்திக்கிற இடத்தில் நான் ஏமாந்தேன். ஒரு பெண் பெட்ரோல் நிலையத்துக்கு வரச் சொன்னாள். மழையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் நின்றேன். மெசேஜில் நீல டிக் விழுந்தது, ஆள் வரவில்லை. அதோடு சரி. “ஆறு மணி வரை தையல் கடையில் இருப்பேன், முதலில் வருகிறவருக்குக் கொடுப்பேன்” என்று எழுதிவிட்டேன். கைப்பேசியில் பணம் கட்டுகிற டூயிட்நவ் கியூஆர் அட்டையைத் தையல் மிஷினில் ஒட்டி வைத்தேன். அஞ்சலில் அனுப்பச் சொன்னால் மாட்டேன் என்றுவிடுவேன். 15 வெள்ளிக் கட்டுக்கு எட்டு வெள்ளி அனுப்பும் செலவு என்றால் இரண்டு பேருக்கும் கட்டாது.

கட்டில் சேராத மிச்சத்தை வாங்கியவர் ஓர் இந்தோனேசிய அம்மா. தென்னமரம் தோட்டத்துப் பக்கம் வேலை செய்கிறவர். (1917இல் இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டது அந்தத் தோட்டத்தில்தான், பேர் என்னவோ தென்னமரம்.) பாவாடைக்கு எலாஸ்டிக் மாற்ற வந்தவர் மூலையில் இருந்த சாக்கைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முன்கையில் வைத்து அளந்தார், முழங்கை வரை வந்தால் பேரனுக்குச் சரியாம். கறை லேசாக இருந்ததைக் காட்டிச் சொன்னேன், பரவாயில்லை என்றார். முழுச் சாக்குக்கும் 20 வெள்ளி கொடுத்தார். ஊருக்குப் பெட்டி அனுப்பும்போது சேர்த்துவிடுவாராம். உங்கள் ஊரிலும் இப்படி ஊருக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் இருப்பார்கள். நான் கடைசியில் கண்டுபிடித்தேன், நீங்கள் முதலிலேயே கேளுங்கள்.

கழித்த 31 உருப்படியைக் குப்பையில் போடவில்லை. நன்றாகத் துவைத்து வெயிலில் போட்டு, பட்டனை வெட்டி டப்பாவில் சேர்த்தேன். சட்டையைச் சதுரமாக வெட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன். பலமுறை துவைத்த பருத்தி, பிசிறு விடாது, தையல் மிஷின் எண்ணெய் துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. இன்று காலை ஷட்டில் துடைத்தது சின்னவனின் வாத்துப் படம் போட்ட பனியன்.