குளிர்ப்பிரதேசம் போகும் கேரவனில் தண்ணீர் பைப் உறையாமல் இருக்க

சென்னை வெயிலை நினைத்துக் கட்டிய கேரவனில் பைப் வண்டிக்கு அடியில் ஓடினால் இங்கே ஒரு தொல்லையும் இல்லை. ஜனவரியில் இமாச்சலத்தின் மணாலி, ஸ்பிதி பக்கம் போனால் அந்தப் பைப்தான் முதலில் உறையும். ஊட்டி உறைபனிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அங்கே விடியற்காலை சில மணி நேரம்தான் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். படுக்கப் போகும்போது பம்பை அணைத்து, குழாய்களைத் திறந்து வைத்தால் போதும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். ஐஸ் அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் இடையே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறுவதால்தான் பெரும்பாலும் பைப் வெடிக்கிறது. பம்பின் தலைப்பகுதி, ஃபில்டர் கிண்ணம், பித்தளை இணைப்புகள் எல்லாம் இப்படித்தான் விரிசல் விடும். அதனால் குளிர் இரவில் குழாயை இறுக்கி மூடி வைக்காதீர்கள்.

ஏசி பைப்புக்குப் போடும் கறுப்பு ஸ்பாஞ்ச் டியூப் அவசியம் வேண்டும். வளைவிலும் இணைப்பிலும் இடைவெளி விடாமல் டேப் சுற்றுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அது சூடு தராது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இரவு முழுக்க மைனஸில் நின்றால் உள்ளே இருப்பது உறைந்தே தீரும். ஒன்று சூடு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரே இருக்கக் கூடாது.

சூடு கொடுப்பதென்றால் 12 வோல்ட் ஹீட்டிங் கேபிளைப் பைப்போடு ஒட்டி, அதன் மேல் ஸ்பாஞ்ச் போடுங்கள். தொட்டிக்கு அடியில் ஹீட்டிங் பேட். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சின்னத் தெர்மோஸ்டாட் போர்டில் 4 டிகிரியில் ஆன், 8 டிகிரியில் ஆஃப் என்று வையுங்கள். 40 வாட் 12 மணி நேரம் ஓடினால் 480 வாட்-மணி, அதாவது பேட்டரியில் 40 ஆம்பியர்-மணி போகும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். அதை வண்டிக்குள் வையுங்கள். இரவில் சிங்க் அலமாரிக் கதவையும் திறந்து விடுங்கள், அறைச் சூடு உள்ளே போகட்டும்.

மைனஸ் 10க்குக் கீழே போகும் இடமென்றால் காலி செய்வதே நல்லது. முதலில் கீசரை அணைத்து ஆறவிட்டு வடியுங்கள். திரும்ப நிரப்பும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். அடுத்து தொட்டியை வடித்து, வெந்நீர்க் குழாய், பச்சைத்தண்ணீர்க் குழாய், ஷவர் மூன்றையும் திறந்து, காற்று மட்டும் வரும்வரை பம்பை ஓட்டுங்கள். பிறகு டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் 2 பார் அளவில் ஒவ்வொரு குழாயாக ஊதுங்கள். பைப் தாழ்ந்து தொங்கும் இடத்தில் தேங்கிய ஒரு டம்ளர் தண்ணீரே பைப்பை உடைக்கும். சிங்குக்கு அடியில் வளைந்த பைப்பில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அது உறையாமல் இருக்க, அங்கே உணவுத்தர புரொப்பிலீன் கிளைகாலைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் கூலன்ட் வேண்டவே வேண்டாம். அதில் வழக்கமாக இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம்.

கிளம்பும் முன் சென்னையிலேயே ஒரு சோதனை. எல்லாக் குழாய்களையும் மூடி, பம்ப் அழுத்தம் ஏறித் தானாக நின்றபின் அரை மணி நேரம் கவனியுங்கள். பம்ப் தானாகத் திரும்ப ஓடினால் எங்கோ கசிகிறது.

அப்படியும் உறைந்துவிட்டால், குழாயைத் திறந்து வைத்து, குழாய்ப் பக்கமிருந்து பின்னோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். அடுப்பு, தீப்பந்தம் கிட்டே வரக் கூடாது. உருகியதும் பம்பை ஓட்டி ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பாருங்கள். ஐஸ் இருக்கும்வரை விரிசல் ஒழுகாது.