கத்திரி வெயிலில் குட்டைக் களையை ஒழிக்கும் முறை

பாகூர், குறிஞ்சிப்பாடி பக்கம் கோடையில் அடிமண் தெரிய வற்றும் குட்டை உங்களிடம் இருந்தால், மருந்தடிக்காமலே ஆகாயத்தாமரையை அடக்கலாம். மீன் இருக்கும் குட்டைக்கும் தண்ணீர் வற்றாத குட்டைக்கும் இது ஆகாது.

சித்திரை பிறந்ததும் செடியை வேரோடு வாரி, கரையின் வெளிச்சரிவில் வேர் மேலே பார்க்க ஒரே அடுக்காகப் பரப்புங்கள். செடியில் 95 சதவீதம் தண்ணீர்தான். குவித்துப் போட்டால் மேலே சருகாகி, உள்ளே பச்சையாகவே இருக்கும். ஒரு மழைக்கே துளிர்க்கும்.

சேற்றில் கிடக்கும் விதைதான் பெரிய தலைவலி. 15, 20 வருடம்கூட முளைப்புத்திறன் போகாது. அந்த விதையை வெயில் சூட்டிலேயே சாகடிக்கத்தான் வற்றிய மண்ணைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுகிறோம்.

கடையில் 50 மைக்ரான் கண்ணாடி ஷீட் (கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) என்று கேளுங்கள். கறுப்பை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்: கறுப்பு ஷீட் தானே சூடாகுமே தவிர, மண்ணை அவ்வளவாகச் சூடாக்காது. கண்ணாடி ஷீட் வெயிலை உள்ளே விட்டு, சூட்டை அடியிலேயே பிடித்து வைக்கும். 2 சென்ட் குட்டைக்குச் சரிவு, ஓரமெல்லாம் சேர்த்து 110 சதுர மீட்டர், அதாவது சுமார் 5 கிலோ.

பலரும் சறுக்குவது ஈரத்தில்தான். காய்ந்த மண்ணில் சூடு கீழே இறங்காது. காய்ந்த விதையும் சூட்டைத் தாங்கிவிடும். மிதித்தால் பாதம் பதிகிற அளவு ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. வெடிப்பை மண் போட்டு அடைத்து, மேடுபள்ளத்தைச் சமன்செய்யுங்கள்.

ஷீட்டைக் காலையிலேயே விரியுங்கள். மதியம் கடல்காற்று எழுந்துவிட்டால் நாலு பேர் பிடித்தாலும் நிற்காது. மண்ணோடு ஒட்டக் கிடத்தி, ஓரத்தை அரையடி பள்ளத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். காற்று புகுந்து உப்பினால் சூடு ஏறாது.

4 முதல் 6 வாரம் அப்படியே கிடக்கட்டும். மதியம் 2 மணிவாக்கில் 5 செ.மீ. ஆழத்தில் 45 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையா? காலையில் ஷீட்டின் அடிப்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் துளியே இல்லையென்றால் அங்கே ஓட்டை இருக்கும்; டேப் ஒட்டுங்கள். கோடை மழைத் தண்ணீர் ஷீட் மேல் தேங்கினால் அன்றே இறைத்துவிடுங்கள்.

கோரைக் கிழங்கும் சம்பு வேரும் ஆழத்தில் தப்பிவிடும். அவற்றை முன்பே தோண்டி எடுத்துவிடுவது நல்லது.

ஷீட்டை எடுத்தபின் உழாதீர்கள், ஆழத்து விதை மேலே வந்துவிடும். வாய்க்கால் மடையில் சின்னக் கண் வலை கட்டுங்கள். தண்ணீர் ஏறியபின் வாரம் ஒருமுறை ஓரத்தைப் பார்த்து, தென்படும் நாற்றுகளைக் கையாலேயே எடுத்துவிடலாம்.