முன்பாரம் பார்த்து வண்டி கட்டுங்கள்: நடுத்தர பிக்கப்பில் கேம்பர் இழுக்கப் புதிதாகப் பழகுபவர்களுக்கு

ஊரில் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய கை உங்களுக்கு இருந்தால் இந்தப் பதிவில் பாதி தெரிந்த விஷயம்தான். மூட்டைகளைப் பின்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்தைக் கயிறு இறுக்கும். அது பின்பாரம். எல்லாவற்றையும் முன்னால் குவித்தால் மாடு கழுத்தை நிமிர்த்த முடியாமல் தள்ளாடும். கொஞ்சம் முன்பாரமாக, ஆனால் மாடு தாங்குகிற அளவுக்கு அடுக்குவதில்தான் வண்டிக்காரரின் கைத்திறன். மாட்டுக்குப் பதில் டொயோட்டா டகோமா பிக்கப், மூட்டைக்குப் பதில் படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் ட்ரெய்லர். கணக்கு அதேதான்.

நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோவில். கோடையில் டொரண்டோவிலிருந்து 400, பிறகு 11, ஹன்ட்ஸ்விலில் திரும்பி 60 என்று நெடுஞ்சாலைகளைப் பிடித்து அல்கான்குவின் பூங்காவுக்குப் போவதுதான் எங்கள் வழக்கமான பயணம். சட்ட விஷயங்களை ஒன்டாரியோவை வைத்தே சொல்கிறேன். வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: விளம்பரத்தாளை மூடிவிட்டு ஓட்டுநர் கதவைத் திறங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. நானும் விழுந்தேன். என் வண்டியின் விளம்பரத்தாளில் 6,400 பவுண்டு இழுக்கும் என்று இருந்தது. ஏறக்குறைய 2,900 கிலோ. ட்ரெய்லர் விற்றவரும் அதைப் பார்த்துவிட்டு "இதுக்கு எதை வேணா மாட்டலாம் சார்" என்ற தொனியில் பேசினார். நானும் தலையாட்டினேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு எண். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. அதுதான் பேலோட். ஒரே மாடல் வண்டியிலேயே இது வண்டிக்கு வண்டி மாறும். சன்ரூஃப், பெரிய டயர் என்று எது கூடினாலும் இந்த எண் குறையும். அதனால் இணையத்தில் தேடாதீர்கள், உங்கள் கதவில் உள்ளதைப் படியுங்கள்.

ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பின்புறத்தை அழுத்துகிறதே, அந்த முன்பாரமும் இந்த பேலோடில்தான் கழியும். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 520 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 220 கிலோ. மீதி 300. பின்தொட்டியில் ஐஸ் பெட்டி, நாற்காலிகள், கருவிப்பெட்டி, மாமியார் கட்டிக் கொடுத்த சாப்பாடு எல்லாம் 70 கிலோ. மீதி 230. எடையைப் பரப்பித் தரும் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் இரும்பு இணைப்பு) வாங்கினால் அந்த இரும்பே 40 கிலோ வரும். மீதி 190.

12 சதவீத முன்பாரம் 190 கிலோ என்றால், சாமான் ஏற்றிய பிறகு ட்ரெய்லர் 1,600 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 2,900 கிலோ ட்ரெய்லரை மாட்டினால் மூக்கு மட்டுமே 350 கிலோ அழுத்தும்! இன்ஜின் இழுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. பின் அச்சும் ஸ்பிரிங்கும் டயரும்தான் தாங்காது. பின்புறம் அமுங்கினால் முன் சக்கரம் தரையை லேசாகத்தான் தொடும், ஸ்டீயரிங் பிடி தளரும், இரவில் உங்கள் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

விற்பவர் சொல்லும் "வெற்று எடை"யையும் அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அதில் பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர் சேராது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. பாத்திரம், போர்வை, அரிசி, மளிகை என்று சேரும்போது வெற்று எடைக்கு மேல் 300 கிலோ கூடுவது சாதாரணம். எங்கள் வீட்டில் பிரஷர் குக்கரும் இட்லிப் பானையும் இல்லாமல் எந்தக் காட்டுக்கும் போவதில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: முன்பாரத்தை அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து மதிப்பிடாதீர்கள். ட்ரெய்லரை வெளியூர் போவது போலவே முழுதாக ஏற்றி, சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். சிறிய ட்ரெய்லர் என்றால் வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு போதும். தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் மேல் மூக்கை இறக்கிப் படியுங்கள்.

எடை அதிகமென்றால் ஒரு வழி இருக்கிறது. உறுதியான ஒரு மரச்சட்டத்தின் ஒரு முனையைத் தராசின் மேலும், மூன்றடி தள்ளி மறுபக்கத்தை அதே உயரமுள்ள செங்கல்லின் மேலும் வையுங்கள். செங்கல்லிலிருந்து ஒரு அடி, தராசிலிருந்து இரண்டு அடி தூரத்தில் ட்ரெய்லரின் மூக்கு சட்டத்தில் உட்கார வேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். 60 காட்டினால் முன்பாரம் 180 கிலோ. லாரிகள் எடை போடும் பொதுத் தராசுக்கு ஒருமுறை போய் வந்தால் மொத்த எடையும் தெரிந்துவிடும். சில டாலர் செலவுதான், தயங்காதீர்கள்.

10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கனமான சாமானை அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பின்னால் இருக்கும் தொட்டியை நிரப்பினால் முன்பாரம் குறையும். எங்கள் முதல் பயணத்தில் நான்கு சைக்கிளையும் ட்ரெய்லரின் பின் பம்பரில் மாட்டி, பின் தொட்டியில் தண்ணீரும் நிரப்பியிருந்தேன். 400-இல் ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்தபோது பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. அடுத்த நொடி எதிர்ப்பக்கம். பின்சீட்டில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆட்டம் ஏன் வருகிறது என்றால், பாரம் அச்சுக்குப் பின்னால் இருக்கும்போது சிறு உதறல்கூடத் தானாக அடங்காமல் ஒவ்வொரு வீச்சிலும் பெரிதாகும். வேகம் கூடக்கூட இன்னும் மோசம்.

படி 3: மாட்டும் சாமான்கள்

பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தின் அளவும், அதன் மேல் உட்காரும் ட்ரெய்லர் மூக்கின் பிடியான கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த எடைக்கு வழக்கமாக 2 அங்குலப் பந்து வரும். அளவு பந்தின் தலையிலும் கப்ளரிலும் பொறிக்கப்பட்டிருக்கும். 1⅞ அங்குலப் பந்திலும் 2 அங்குலக் கப்ளர் உட்கார்ந்துவிட்டது போலத் தெரியும், பூட்டும்கூட விழும். முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். பந்து, ரிசீவர் (பந்துத் தாங்கியைச் செருகும் பிக்கப்பின் சட்டம்), கப்ளர் மூன்றிலும் எழுதியிருக்கும் எடைகளில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

ட்ரெய்லர் மாட்டியபின் பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். சமமாகவோ, மூக்கு ஒரு துளி தாழ்ந்தோ இருந்தால் சரி. மூக்கு தூக்கியிருந்தால் இன்னும் தாழ்வாக இறங்கும் பந்துத் தாங்கி வாங்க வேண்டும். எடை பரப்பும் ஹிட்ச் எந்த எடைக்கு மேல் கட்டாயம் என்பதை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும். அது முன் சக்கரத்துக்கு எடையைத் திருப்பித் தருமே தவிர, கதவில் உள்ள பேலோடைக் கூட்டாது. ஹிட்ச் வாங்கிவிட்டோம் என்று இன்னும் இரண்டு மூட்டை ஏற்றுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரேக்குக்கு வருவோம். ஒன்டாரியோவில் ட்ரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் அதற்குத் தனி பிரேக் கட்டாயம். மின்சார பிரேக் என்றால் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் வேண்டும், ஏழு முனை பிளக் வேண்டும். நான்கு முனை பிளக்கில் விளக்கு மட்டும்தான் எரியும். கன்ட்ரோலரைச் சரிசெய்ய ஆளில்லாத ஒரு பெரிய வாகன நிறுத்தத்துக்குப் போங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் கையால் கன்ட்ரோலர் நெம்புகோலை மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அளவைக் குறையுங்கள். லேசாகப் பின்னால் பிடித்து இழுப்பது போல உணர்ந்தால் சரி. சாமான் எடை மாறினால் இதையும் மாற்ற வேண்டும்.

படி 4: மாட்டும் வரிசை

வரிசையை மாற்றாதீர்கள், நடுவில் யாரிடமும் பேசாதீர்கள். பேசும்போதுதான் ஒன்று விட்டுப்போகும்.

முட்டுக்கட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிக்கப்பைப் பின்னெடுத்துப் பந்தைக் கப்ளருக்கு நேர் கீழே கொண்டுவந்து, ஜாக்கியால் ட்ரெய்லரின் மூக்கை இறக்குங்கள். பூட்டைப் போட்டுப் பின்னைச் செருகுங்கள். இப்போது அதே ஜாக்கியால் மூக்கை மறுபடி உயர்த்துங்கள். பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து மேலே வந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. ட்ரெய்லர் மட்டும் தனியாக எழுந்தால் நல்லவேளை, வீட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காக, இடவலம் மாற்றி மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். தரையில் உரசக்கூடாது, திரும்பும்போது இழுபடவும் கூடாது. ட்ரெய்லர் பிய்த்துக்கொண்டால் தானே பிரேக் பிடிக்க வைக்கும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதைச் சங்கிலியில் மாட்டாமல் பிக்கப்பிலேயே தனியாக மாட்டுங்கள். அது வேலை செய்வது ட்ரெய்லரில் உள்ள பேட்டரியால். பேட்டரி செத்திருந்தால் கம்பி இருந்தும் பயனில்லை.

பிறகு பிளக். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக், இன்டிகேட்டர் எல்லாம் போட, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். ஜாக்கியை முழுதாக மேலேற்றுங்கள். கேஸை மூடுங்கள், ஜன்னல், படிக்கட்டு, மேல் மூடி எல்லாம் பாருங்கள். கடைசியாக முட்டுக்கட்டையை எடுங்கள். ஓடும் ட்ரெய்லருக்குள் யாரும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

டயர்: காலையில் ஓட்டும் முன், குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ட்ரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகி வெடிப்பதே அதிகம். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

படி 5: சாலையில்

வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். முன்னால் போகிறவரிடமிருந்து வழக்கமான இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். வலது பக்கம் திரும்பும்போது ட்ரெய்லர் சக்கரம் உங்கள் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். நடைபாதை விளிம்பைத் தாண்டி முன்னால் போனபின் திருப்புங்கள். ட்ரெய்லர் பிக்கப்பைவிட அகலமென்றால் நீட்டுக் கண்ணாடி மாட்டியே ஆக வேண்டும். வண்டியில் டவ் மோடு (ட்ரெய்லர் இழுக்கும்போது கியரை அதற்கேற்ப மாற்றும் அமைப்பு) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடுங்கள்.

ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால்: ஸ்டீயரிங்கை நேராக, இறுக்கமில்லாமல் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள், உங்கள் கை எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காமல் கன்ட்ரோலர் நெம்புகோலால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். பின்னாலிருந்து இழுத்து அதுவே நேராகும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சொல்லும் பழைய ஆட்கள் உண்டு. கேட்காதீர்கள். அடங்கியதும் ஓரம் கட்டி, பாரத்தை மாற்றி அடுக்காமல் மேலே போகாதீர்கள்.

60-ஆம் நெடுஞ்சாலையில் அந்தி நேரத்தில் மெதுவாகப் போங்கள். பனிக்காலத்தில் சாலைப் பனியை உருக்கக் கொட்டிய உப்பு சாலையோரப் பள்ளங்களில் தேங்கியிருக்கும். வசந்தத்தில் அந்த உப்புத் தண்ணீர் குடிக்க மூஸ் என்ற பெரிய மான்கள் வரும். பின்னால் 1,600 கிலோவை வைத்துக்கொண்டு அவசர பிரேக் போட்டுப் பார்க்கிற இடமில்லை அது.

படி 6: பின்னெடுத்தல், கழற்றுதல்

ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடியுங்கள். ட்ரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அவ்வளவுதான் சூத்திரம், ஆனால் மெதுவாக, சிறிது சிறிதாக. ஓட்டுநர் பக்கமாக வளைந்து நுழையும்படி அணுகினால் ட்ரெய்லரின் முதுகு உங்கள் ஜன்னலிலேயே தெரியும். கோணம் கெட்டால் முன்னால் போய் நேராக்கி மறுபடி வாருங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். கிளையும் தண்ணீர்க் குழாயும் கண்ணாடியில் தெரியாது. வழிகாட்ட நிற்பவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்திலேயே நிற்க வேண்டும், மறைந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். "வா வா வா" என்று கத்துவதைவிடக் கை ஜாடை மேல். இதை முகாமுக்குப் போகும் முன்பே ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான கடை வாசலில் இரண்டு மணி நேரம் பழகிவிடுங்கள். நாங்கள் அல்கான்குவினில் உள்ள மியூ ஏரி முகாமில் முதல்முறை பின்னெடுத்தபோது பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

நின்ற இடத்தில் இடவலம் சமமாக இருக்கிறதா என்று கழற்றும் முன்பே பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பலகை வைத்து ஏற்ற வேண்டுமென்றால் பிக்கப் இன்னும் மாட்டியிருக்கும்போதுதான் முடியும். முன்பின் சமத்தை ஜாக்கி பார்த்துக்கொள்ளும். பிறகு இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, அதைக் காலால் உதைத்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் பிளக்கையும் சங்கிலியையும் கம்பியையும் கழற்றிக் கப்ளர் பூட்டைத் தொட வேண்டும்.