மீட்டர் போர்டு வார்னிங் லைட்டை எல்.இ.டி.க்கு மாற்றலாம், எஃப்.சி.யில் மாட்டாமல்

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய காரில் மீட்டர் போர்டு மங்கிப்போவது சகஜம். பல்பு உள்ளே கறுத்துவிடும், ஹோல்டரில் பச்சைக் களிம்பு ஏறிவிடும், ஒன்றிரண்டு லைட் எரிவதே நின்றிருக்கும். எல்.இ.டி. போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் வார்னிங் லைட் வெளிச்சத்துக்காக மட்டும் அங்கே இல்லை. சில லைட்டுகள் அந்தந்தச் சர்க்யூட்டின் ஒரு பாகமாகவே வேலை செய்கின்றன. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு ஒரே அளவுகோல்: மாற்றிய பிறகும் அதே காரணத்துக்கு, அதே நிறத்தில், அதே படக்குறியோடு லைட் எரிய வேண்டும். காரணம் சரியானால் தானாக அணைய வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத முறையில் பாகம் மாற்றிப் பொருத்தும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. பல்புக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் எல்.இ.டி. போட்டால் ஆர்.சி. விவரம் எதுவும் மாறப்போவதில்லை. வார்னிங்கை அணைத்து வைப்பதும், நிறத்தை மாற்றுவதும் வேறு கதை.

முதலில் உங்கள் மீட்டரின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கால் திருப்புத் திருப்பினால் கழன்று வரும் பிளாஸ்டிக் ஹோல்டர்கள் இருந்தால் இது வீட்டில் செய்யும் வேலை. போர்டிலேயே சால்டர் செய்த பொடி எல்.இ.டி.கள் இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். ஏற்கெனவே எல்.இ.டி. இருக்கும் மீட்டரில் கலர் மாற்ற ஆசைப்பட்டு, போர்டில் ஓடும் செம்புக் கோடான டிராக் பெயர்ந்துபோனால், மொத்த மீட்டரையும் மாற்ற வேண்டிவரும்.

பல்பு வகையைக் கழற்றிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட் 1.2 வாட் டி5 வெட்ஜ் பல்புதான். சில மீட்டர்களில் பின்னொளிக்கு மட்டும் பெரிய டி10 இருக்கும். 1.2 வாட் இருக்கும் இடத்தில் 3 வாட், 5 வாட் சாதா பல்பைத் திணித்தால் படக்குறி அச்சடித்த ஃபிலிம் உருகிச் சுருங்கும். எல்.இ.டி.யில் அந்தச் சூட்டுப் பயம் இல்லை, நிறத்தில்தான் தவறு நடக்கிறது. சிவப்பு ஃபிலிமுக்குப் பின்னால் கூல் ஒயிட் எல்.இ.டி. வைத்தால் வெளுத்துப்போன ரோஸ் நிறம் வரும். நீல எல்.இ.டி. வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. சிவப்பு லைட்டுக்குச் சிவப்பு எல்.இ.டி., மஞ்சளுக்கு ஆம்பர், பச்சைக்குப் பச்சை, ஹைபீமுக்கு நீலம் என்று ஃபிலிமின் நிறத்திலேயே வாங்குங்கள். சிவப்பு ஆபத்து, ஆம்பர் எச்சரிக்கை, நீலம் ஹைபீம் என்பது ஐஎஸ்ஓ 2575 தரத்தில் உள்ள ஒழுங்கு. அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே நிறமாக்குவதன் ஆபத்து இன்னொருவர் உங்கள் வண்டியை ஓட்டும்போது விளங்கும். ஹைபீமுக்கு இருப்பதிலேயே மங்கலான எல்.இ.டி. போதும். பிரகாசமானதைப் போட்டால் ராத்திரியில் அந்த நீலம் கண்ணைக் குத்தும்.

கழற்றுவதற்கு முன் சாவியை ஆன் செய்து, எந்தெந்த லைட் எரிகிறது என்று போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒப்பிட அதுதான் ஆதாரம். பிறகு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஸ்டீரியோ ரகசிய எண் (code) கேட்கும் வண்டியா என்று பார்த்துக்கொண்டு, பேட்டரி மைனஸைக் கழற்றி, ஏர்பேக் உள்ள வண்டியானால் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள். தெரியாவிட்டால் பத்து நிமிஷம். ஸ்டியரிங்கைக் கீழே இறக்கி, மீட்டர் ஹூடின் ஸ்க்ரூக்கள், பிறகு மீட்டரின் மூன்று நான்கு ஸ்க்ரூக்கள் கழற்றி, முன்னால் இழுத்துச் சாய்த்து, கப்ளரின் லாக்கை அழுத்திக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முள்ளில் கை படக்கூடாது. மீட்டர் வெளியே இருக்கும்போது சாவியை ஆன் செய்தால் ஏர்பேக் மாதிரியான யூனிட்களில் பழுதைக் குறிக்கும் ஃபால்ட் கோடு (code) பதிவாகும், அதை அழிக்க ஸ்கேனர் தேவைப்படும்.

எல்.இ.டி.க்கு ப்ளஸ், மைனஸ் உண்டு. எரியவில்லை என்றால் ஹோல்டரிலிருந்து பல்பைப் பிடுங்கி 180 டிகிரி திருப்பிச் செருகுங்கள். எல்லாவற்றையும் மாட்டி மூடுவதற்கு முன், கப்ளரை மட்டும் செருகி, பேட்டரியை இணைத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சார்ஜிங் லைட்

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய வகை ஆல்டர்நேட்டர், மெக்கானிக்குகள் டைனமோ என்பார்களே அது, மின்சார உற்பத்தியைத் தொடங்க, உள்ளே சுழலும் ரோட்டருக்குச் சிறிது கரண்ட் வேண்டும். அந்தக் கரண்ட் சார்ஜிங் லைட் வழியாகத்தான் போகிறது. 2 வாட் பல்பில் சுமார் 0.17 ஆம்பியர் ஓடும். எல்.இ.டி.யில் 0.02 ஆம்பியர்கூட இருக்காது. விளைவு: ஸ்டார்ட் செய்ததும் சார்ஜிங் தொடங்காது, லைட் அணையாது. ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்த பிறகுதான் அணையும். சிக்னலில் நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் பேட்டரி மெல்ல இறங்கிக்கொண்டே வரும்.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஐடிலில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.5 காட்டி இறங்கிக்கொண்டே போனால் ஏறவில்லை.

தீர்வு இரண்டு. அந்த ஒரு இடத்தில் பழைய மாதிரிச் சாதா பல்பையே விடுவது ஒன்று, அதுவே உத்தமம். இல்லையென்றால் எல்.இ.டி.க்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. 12 வோல்ட்டில் அது சுமார் 0.18 ஆம்பியர் விடும், 2 வாட்டுக்குச் சற்று மேல் சூடாகும். கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகிவிடும். மீட்டரின் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல், ஒயரிங் பக்கத்தில் காற்றோட்டமாகக் கட்டுங்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறை விலைக்குக் கிடைக்கும். ஈ.சி.எம். (இன்ஜின் கம்ப்யூட்டர்) கட்டுப்படுத்தும் புதிய ஆல்டர்நேட்டருக்கு இது தேவையில்லை, போடவும் கூடாது.

சார்ஜிங் லைட் எல்.இ.டி. ஆன பிறகு ராத்திரியில் லேசாக மினுங்கினால் அது எல்.இ.டி.யின் குற்றம் இல்லாமலும் இருக்கலாம். ஆல்டர்நேட்டர் டயோடு பலவீனமாக இருந்தாலோ, கனெக்‌ஷனில் களிம்பு இருந்தாலோ அரை வோல்ட், ஒரு வோல்ட் வித்தியாசம் வரும். அதற்குச் சாதா பல்பு அசையாது. சில சர்க்யூட்டுகளில் அதோடு கசியும் சிறு கரண்ட்டுக்கே எல்.இ.டி. காட்டிக்கொடுத்துவிடும்.

இதே போலச் சிக்கல் தரும் இன்னொன்று பழைய வண்டிகளின் பெட்ரோல் லைட். டேங்குக்குள் ஒரு தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏற்பத் தடை மாறும் பாகம்), அதற்குத் தொடராகப் பல்பு. பெட்ரோலில் முங்கிக் குளிர்ந்திருக்கும்வரை தெர்மிஸ்டரின் தடை அதிகம், பல்பு எரியாது. எல்.இ.டி.க்கு அந்தச் சிறு கசிவே போதும் என்பதால் டேங்க் நிறைய இருந்தாலும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். அங்கேயும் பழைய பல்புதான். மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே இண்டிகேட்டர் லைட் இருந்தால், இடதுக்கு எரிந்து வலதுக்கு எரியாமல் போகும். கரண்ட் இரண்டு திசையிலும் வருவதே காரணம். எப்படிச் செருகினாலும் எரியும் நான்-போலாரிட்டி எல்.இ.டி. கேட்டு வாங்குங்கள்.

ஏர்பேக், ஏ.பி.எஸ்., செக் இன்ஜின் லைட்டுகளைத் தொடாதீர்கள். சில வண்டிகளில் அந்த யூனிட்டே பல்பு இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருக்கும். அதைவிட மோசமானது ஃபால்ட்டை மறைக்கும் வேலைகள்: கறுப்பு டேப் ஒட்டுவது, ஏர்பேக் லைட்டை ஆயில் லைட் ஒயரோடு சேர்த்துவிடுவது, ஏர்பேக் கப்ளரில் 2 ஓம் அளவில் ரெசிஸ்டர் செருகுவது. கடைசியில் சொன்னதில் லைட் அழகாக அணையும், மோதும்போது பை விரியாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் சாவி ஆன் செய்து ஏர்பேக் லைட் தனியாகச் சில வினாடி எரிந்து, தானாக அணைகிறதா என்று பார்ப்பது இதனால்தான். ஆயில் லைட்டோடு சேர்ந்து அணைந்தால் சந்தேகப்படுங்கள்.

பல்புகளை எல்லாம் மாட்டிய பின் சோதனை. சாவி ஆன்: ஆயில், சார்ஜிங், செக் இன்ஜின், ஏ.பி.எஸ்., ஏர்பேக் எல்லாம் வர வேண்டும். ஏ.பி.எஸ்., ஏர்பேக் சில வினாடியில் அணையும், மற்றவை ஸ்டார்ட் ஆகும்வரை நிற்கும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் லைட் ஓரிரு வினாடிக்குள் போக வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, பிரேக் ஆயில் மூடியோடு மிதவை வரும் வண்டியானால் மூடியை மெல்லத் தூக்குங்கள், மிதவை கீழே விழுந்து பிரேக் லைட் எரிய வேண்டும். ஹேண்ட்பிரேக்குக்கு எரிவதைப் பார்த்துத் திருப்திப்பட்டால் பாதிச் சோதனைதான். பழைய வீடியோவோடு ஒப்பிட்டு, எதாவது விடுபட்டிருந்தால் மூடுவதற்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

பல்பு வேலையை விட்டுச் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய மீட்டரையே வாங்கி மாட்டலாமா என்றால், ஓடிய கிலோமீட்டர் மாறிவிடும், சில வண்டிகளில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் மீட்டருக்குள்ளேயே இருப்பதால் ஸ்டார்ட்டே ஆகாது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய மீட்டரின் படத்தோடு பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் கார் 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போதும், பிறகு ஐந்தைந்து வருஷத்துக்கு ஒருமுறையும் எஃப்.சி. சோதனைக்கு வண்டியைக் காட்ட வேண்டும். டாக்ஸியானால் எட்டு வருஷம்வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். கழற்றிய பல்புகளை ஒரு கவரில் போட்டு க்ளவ் பாக்ஸில் வையுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) எதையாவது கேள்வி கேட்டால் அரை மணியில் பழையபடி மாட்டிவிடலாம். சீட்பெல்ட் அலாரத்தை ஏமாற்றும் கிளிப் அதே பாக்ஸில் இருந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதை விற்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.