குட்டி நாய் அடிக்கடி ஒன்றுக்குப் போகிறதா? முதலில் அளவைக் கவனியுங்கள்

குட்டி ஒரு நாளில் எத்தனை தடவை போகிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பிரச்சினை பிடிபடாது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது, போவது அதற்கே தெரிகிறதா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, இந்த மூன்றையும் சில நாட்கள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இது உடம்புக் கோளாறா, பழக்கக் கோளாறா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும், டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயதை மாதத்தில் எண்ணி அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் குட்டி அடக்கக்கூடிய மணி நேரம் என்று சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். ஆனால் அது அமைதியாகப் படுத்திருக்கும்போது, அதிகபட்சமாக. ஓடி ஆடும்போது அரை மணிக்கு ஒரு தடவை போனாலும் ஆச்சரியமில்லை, அதை நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. சொட்டுச் சொட்டாக, அடிக்கடி, முக்கிக்கொண்டு போகிறது, சிறுநீர் வரும் உறுப்பையே நக்கிக்கொண்டிருக்கிறது, நிறம் சிவப்பாக இருக்கிறது என்றால் சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம். பெண் குட்டிகளுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே வரும். தூங்கி எழுந்த இடம் நனைந்திருக்கிறது, நடக்கும்போதே ஒழுகுகிறது, குட்டிக்கோ அது தெரியவே இல்லை என்றால், சிறுநீர்க் குழாய் பிறவியிலேயே தவறான இடத்தில் இணைந்திருக்கலாம். இதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது, எத்தனை தடவை வெளியே கூட்டிப்போனாலும் ஒழுகத்தான் செய்யும். இன்னொரு வகை, ஒவ்வொரு தடவையும் நிறையப் போவது. ஒரு நாளில் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடிக்கிறது என்றால் சிறுநீரகம், சர்க்கரை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எது எப்படியோ, முக்கி முக்கி நின்றும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துப் போங்கள். நீளமான கைப்பிடி உள்ள கரண்டி இருந்தால் பிடிப்பது சுலபம், குட்டியும் மிரளாது. உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கோளாறு இருந்தால் அது இன்னும் மோசமாகும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டதா, சரி, இனி பயிற்சி. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், படுக்கப் போகும் முன்பும் கயிறு கட்டி ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கயிறு இல்லாமல் விட்டால் இலையைத் துரத்திக்கொண்டு வந்த வேலையை மறந்துவிடும். போனதும் அங்கேயே, அந்த நொடியே தின்பண்டம் கொடுங்கள்; வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குப் பரிசு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். நிறையப் பேர் விட்டுவிடுவது இதற்கு அப்புறம் வரும் இரண்டு நிமிடத்தை. குட்டிகள் பல நேரம் பாதியைத்தான் விடும், மீதி வீட்டுக்குள் வந்ததும் வரும். அதனால் கொஞ்சம் நின்று, இன்னொரு தடவை போகிறதா பார்த்துவிட்டுத் திரும்புங்கள். வெளியே ஒன்றும் போகவில்லையா, உள்ளே வந்ததும் அவிழ்த்து விடாமல் கூண்டிலோ உங்கள் பக்கத்திலோ வைத்திருந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி கூட்டிப்போங்கள்.

உள்ளே போய்விட்டால் அடிக்காதீர்கள், மூக்கை அதில் தேய்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அதில் அது கற்றுக்கொள்வது ஒன்றுதான், உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போய் இருப்பது. துடைக்கும்போது அமோனியா கலந்த திரவம் வேண்டாம், நாய்க்கு அந்த வாடை சிறுநீர் மாதிரியே இருக்கும். செல்லப்பிராணிகளுக்கென்று விற்கும் என்சைம் கலந்த திரவம் நல்லது.

நீங்கள் உள்ளே வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டே தரையை நனைக்கிற குட்டிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது சந்தோஷம் அல்லது பயம். கண்டுகொள்ளாமல் உள்ளே போய், அது அடங்கிய பிறகு குனிந்து பக்கவாட்டில் தடவிக்கொடுங்கள். வளர வளர பெரும்பாலும் நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு மேல் ஆன ஆண் நாய் காலைத் தூக்கிச் சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் அது எல்லை குறிப்பது, கருத்தடை பற்றி டாக்டரிடம் பேசலாம்.

சில வாரம் விபத்தே இல்லாமல் போன பிறகு ஒவ்வோர் அறையாகத் திறந்து விடுங்கள், அவசரப்பட்டு முழு வீட்டையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று மறுபடி உள்ளே போக ஆரம்பித்தால், பயிற்சியைத் திரும்பத் தொடங்கும் முன் சிறுநீரை ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள்.